அசைன்மென்டும் கெடு நாட்களும்

பெரிய அசைன்மென்டுக்கு ஒரே கடைசித் தேதி குறிக்காமல், தலைப்பு, குறிப்புகள், முதல் வரைவு, இறுதிப்படி எனக் கட்டம் கட்டமாகக் கெடு வைப்பது, மாணவர் நேரத்தை ஒழுங்குபடுத்த ஆசிரியர்கள் கையாளும் முறை. எழுதுவதைத் தள்ளிப்போடுவது சோம்பல் மட்டுமல்ல, தவறான கணக்கும்கூட என்ற புரிதலே இதன் அடிப்படை. ரோஜர் புயூலரும் உடன் ஆய்வாளர்களும் 1994இல் வெளியிட்ட ஆய்வில், ஆய்வேட்டை முடிக்கச் சராசரியாக 34 நாள் ஆகும் என்று சொன்ன மாணவர்களுக்கு உண்மையில் 55 நாளுக்கு மேல் பிடித்தது. நன்றாகப் படிப்பவரும் தன் நேரத்தைக் குறைத்தே மதிப்பிடுகிறார்.

தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் இந்த முறையின் பெரிய பலன், உழைப்பு போக வேண்டிய இடத்துக்குப் போவதுதான். கடைசி இரவில் எழுதும் மாணவர், நீளத்தாளில் கோடு போட்டு, ஸ்கெட்ச் பேனாவால் முகப்பை அலங்கரித்து, தோழியின் நோட்டிலிருந்து பக்கங்களை நிரப்பிவிடுகிறார். வரைவை இரண்டு வாரம் முன்பே கேட்டால் அங்கே முகப்புக்கு வேலை இல்லை. என்ன யோசித்திருக்கிறார் என்பது மட்டுமே ஆசிரியர் கண்ணில் படும்.

குறைகளும் சிறியவை அல்ல. அறுபது பேர் வகுப்பில் வரைவுகளைப் படித்துத் திருத்த ஆசிரியருக்கு நேரமில்லையென்றால், நாலு கெடுவும் நாலு கையெழுத்தாகச் சுருங்கிவிடும். எந்நேரமும் பிறர் வைத்த கெடுவிலேயே ஓடிப் பழகியவர் தானாகத் திட்டமிடக் கற்பதுமில்லை. இவற்றையெல்லாம்விட, எல்லா மாணவருக்கும் மாலைப்பொழுது ஒன்றுபோலக் கிடைக்கும் என்ற நினைப்புதான் பெரிய குறை. பெரியகுளத்தில் 1971இல் தொடங்கிய ஜெயராஜ் அன்னபாக்கியம் மகளிர் கல்லூரி போன்ற இடங்களுக்குச் சுற்றுக் கிராமங்களிலிருந்து பஸ்ஸில் வந்துபோவோர் உண்டு. வடுகபட்டியில் பூண்டு வியாபாரம் செய்யும் வீட்டுப் பெண்ணுக்குச் சந்தைக்கு முந்தைய இரவு படிப்புக்கானது அல்ல. மாந்தோப்பை நம்பிய குடும்பத்துக்குச் செமஸ்டர் முடியும் மாதங்களே காய் பறிக்கும் மாதங்கள். மறுநாளே வரைவு வேண்டும் என்ற கெடு இவர்களைத்தான் முதலில் தண்டிக்கும்.

பள்ளிகளுக்கென மத்திய அரசு 2020இல் வெளியிட்ட புத்தகப்பைக் கொள்கை, இரண்டாம் வகுப்புவரை வீட்டுப்பாடமே கூடாது என்றும், 6 முதல் 8 வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேற்படக் கூடாது என்றும், 9ஆம் வகுப்பு முதல் இரண்டு மணி நேரமே உச்சம் என்றும் வரம்பு வகுத்தது. கல்லூரி அசைன்மென்டுக்கு அப்படியொரு மணிக்கணக்கை யாரும் கேட்பதில்லை. ஐந்து பாட ஆசிரியர்கள் தனித்தனியே நியாயமான கெடு வைத்தாலும், ஐந்தும் ஒரே வாரத்தில் வந்து விழுந்தால் எந்தத் திட்டமும் நிற்காது.

ஆகவே கட்டக்கெடு முறை கொள்ளத்தக்கதே. ஆனால் ஆசிரியர்கள் கூடிப் பேசாமல் அது பலன் தராது. செமஸ்டரின் முதல் வாரத்திலேயே எல்லாப் பாடங்களின் கெடு நாட்களையும், ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை மணி நேரம் பிடிக்கும் என்பதையும் ஒரே தாளில் எழுதித் துறை அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். சந்தை, அறுவடை நாட்களை முன்கூட்டியே சொல்லும் மாணவருக்கு மதிப்பெண் குறைக்காமல் இரண்டொரு நாள் தள்ளிக்கொடுக்கவும் வேண்டும்.