பெயர்ப் பட்டியலும் முகத்துவாரமும்

பள்ளி மாணவர்களையும் நகரத்துக் குடும்பங்களையும் வழிகாட்டிகளுடன் பழவேற்காட்டு ஏரிக்கு அழைத்துச் செல்லும் பறவை நடைகள் இன்று பெருகியுள்ளன. பறவையின் பெயரை அறிந்தவர் அதை நேசிப்பார், நேசிப்பவர் அதன் நீர்நிலையைக் காப்பார் என்ற வாதம் அவற்றுக்கு அரணாக வைக்கப்படுகிறது. தொலைநோக்கியைக் கொடுத்துப் பொறுமையாகப் பார்க்கப் பழக்குவதும், உள்ளூர் இளைஞர் சிலருக்கு ஊதியம் கிடைப்பதும் மறுக்க முடியாத பயன்கள். ஆயினும் அந்த வாதத்தின் முதற்படியே ஐயத்துக்குரியது.

இயற்கை விளக்கம், அதாவது ஓர் இடத்தின் பொருளை வருவோர்க்கு உணர்த்தும் கலை, பற்றி 1957இல் நூல் எழுதிய அமெரிக்கர் ஃப்ரீமன் டில்டன், தகவலை அடுக்குவது விளக்கமாகாது என்றும், கேட்பவரின் வாழ்வைத் தொடாத பேச்சு பயன் தராது என்றும் வாதிட்டார். பூநாரை, கூழைக்கடா, உள்ளான் என்று எண்ணிமுடித்து, கண்ட இனங்களின் கணக்கோடு வீடு திரும்பும் நடை இந்த அளவுகோலில் தேறாது.

பழவேற்காடு ஒரு காயல், அதாவது குறுகிய வாயால் கடலோடு இணைந்த உவர்நீர்ப் பரப்பு; இந்தியாவில் சிலிகா ஏரிக்கு அடுத்துப் பெரியது. வடகிழக்குப் பருவமழையின்போது ஆரணியாறும் காளங்கியும் கொணரும் நன்னீரும், முகத்துவாரம் வழியே ஏறும் கடல்நீரும் எவ்வளவு கலக்கின்றன என்பதைப் பொறுத்தே அதன் ஆழமும் உப்பும் அமைகின்றன. கடலில் பிறந்த இறால் குஞ்சுகள் உள்ளே வந்து வளர்வதும், பூநாரை நின்று மேயத்தக்க ஆழமற்ற நீர் கிடைப்பதும் அதைச் சார்ந்தவையே. முகத்துவாரம் மணலால் தூரும்போதெல்லாம் அதைத் திறந்துவிடக் கோரும் மீனவர்க்கும், மீன்பிடி இடங்களை முறைவைத்துப் பகிரும் 'பாடு' மரபைக் காத்துவரும் ஊரார்க்கும், சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களுக்கும் இது அன்றாட அறிவு. அவ்வறிவுடையோர் இந்நடைகளில் பெரும்பாலும் படகோட்டிகளாக மட்டுமே இடம்பெறுகின்றனர்.

ஏரிக்குத் தெற்கே நிலைமை இன்னும் தெளிவு. இக்கடற்கரையில் அலைகள் நகர்த்தும் மணல், ஆண்டு முழுவதையும் கூட்டிப் பார்த்தால், வடக்கு நோக்கியே செல்கிறது. எண்ணூரிலும் காட்டுப்பள்ளியிலும் துறைமுகங்களின் அலைத்தடுப்புகள் அதை மறிக்கும்போது அவற்றுக்கு வடக்கே கரை அரிக்கப்படுகிறது. அனல்மின் நிலையங்களின் சாம்பல் கொசஸ்தலையாற்றில் படிந்திருப்பதும் ஊரறிந்தது. கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையின் உருக்காலைத் தொழிலாளி ஒருவரின் பிள்ளைக்கு, தன் தந்தையின் பிழைப்பும் தன் வீட்டு மின்விளக்கும் இந்தக் காயலோடு எப்படிப் பின்னியுள்ளன என்பதைவிட நெருக்கமான இயற்கைப் பாடம் கிடையாது. ஆனால் வழிகாட்டியின் தொலைநோக்கி புகைபோக்கிகளின் பக்கம் திரும்புவது அரிது. பறவை பார்க்க வந்த இடத்தில் அரசியல் எதற்கு என்று கேட்போர் உண்டு; ஆனால் மணல் எத்திசையில் நகர்கிறது என்று சொல்வதற்குக் கட்சிச் சார்பு எதுவும் வேண்டியதில்லை.

முகத்துவாரத்தைப் பேசாமல் பூநாரையை மட்டும் காட்டும் நடை ஒரு நல்ல சுற்றுலா. அதைச் சுற்றுச்சூழல் கல்வி என்று பள்ளிகள் ஏற்பது தகாது.