சொன்னவர் யார், யாரிடம் கேட்டார்?

கம்பன் பாடியது எது, பிறர் செருகியது எது என்று தீர்ப்புச் சொல்ல ரசிகமணி டி.கே.சி. தம் காதையே பெரிதும் நம்பினார். குற்றாலத்தில் வாழ்ந்து 1954இல் மறைந்தவர் அவர். தாளமும் உணர்ச்சியும் பிசகிய பாடல்களைக் கம்பன் வாக்கு அல்ல என்று ஒதுக்கினார், பல இடங்களில் சொற்களையும் திருத்தினார். புலவர்கள் சண்டைக்கு வந்தார்கள். ஒருவருடைய ரசனையை எதைக் கொண்டு சோதிப்பது என்பதுதான் அந்தச் சண்டையின் சாரம்.

ஹிஜ்ரி இரண்டாம், மூன்றாம் நூற்றாண்டுகளில் பஸ்ரா, கூஃபா, பக்தாத் நகரங்களின் ஹதீஸ் அறிஞர்களுக்கும் இதே சிக்கல் இருந்தது. நபிகள் நாயகத்தின் பெயரில் ஆயிரக்கணக்கான செய்திகள் உலவின. அவர்கள் செய்தியின் அழகை அளக்கப் போகவில்லை. சொன்னவர் யார், அவர் யாரிடம் கேட்டார், அப்படிக் கேட்டிருக்க முடியுமா என்று விசாரித்தார்கள். அந்த விசாரணையே ‘ஜர்ஹ் வ தஃதீல்’ (அறிவிப்பாளரின் குறை காட்டுதலும் நம்பகம் சான்றளித்தலும்) என்ற தனிக்கலையாக வளர்ந்தது.

குற்றாலத்து ஐந்தருவிக்குப் பக்கத்துத் தென்காசியிலும் கடையநல்லூரிலும் இருக்கும் முஸ்லிம் வாசகருக்கு இதன் முடிவுகள் பழக்கமானவை. தர்கா வழக்கங்களையும் தொழுகை முறைகளையும் பற்றிய வாதங்களில், “அது ளயீஃபான (பலவீனமான) ஹதீஸ்” என்ற பேச்சு பயான் மேடையிலிருந்து டீக்கடை வரை வந்துவிட்டது. தீர்ப்பு வந்த அளவுக்கு, அதை எட்டிய வழி வரவில்லை. எனக்கு அந்த வழிதான் பெரிதாகப் படுகிறது.

தொடக்கத்தில் அறிவிப்பாளர் பெயரை யாரும் கேட்கவில்லை, குழப்பம் மூண்ட பிறகே கேட்கத் தொடங்கினோம் என்ற பொருளில் பஸ்ராவின் இப்னு ஸீரீன் (இறப்பு ஹிஜ்ரி 110) சொன்னதாக இமாம் முஸ்லிம் தம் நூலின் முன்னுரையில் பதிந்திருக்கிறார். எந்தக் குழப்பம் என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. கலீஃபா உஸ்மான் கி.பி. 656இல் கொல்லப்பட்ட பின் மூண்ட போரையே பலரும் கருதுகிறார்கள். இராக்கில் இந்த விசாரணையை முறையாகத் தொடங்கியவர் என்று ஷுஅபா இப்னு ஹஜ்ஜாஜை (இறப்பு ஹிஜ்ரி 160) சொல்வார்கள். அவருடைய ஆசிரியர் கதாதா பெரிய நினைவாற்றல்காரர். ஆனால் நேரில் கேட்காததையும் கேட்டதுபோலத் தொனிக்கச் சொல்லிவிடுவார். இப்படி மறைத்துச் சொல்வதைத் தத்லீஸ் என்பார்கள். ஷுஅபா ஆசிரியரின் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாராம். “எங்களுக்கு அறிவித்தார்” என்று வந்தால் எழுதுவார், வெறுமனே “இன்னார் சொன்னார்” என்று வந்தால் விட்டுவிடுவார்.

பக்திமானாக இருப்பது இந்தச் சபையில் செல்லுபடியாகவில்லை. கஜானாவையே நம்பி ஒப்படைக்கத் தக்க பெரியவர்கள் பலரை மதீனாவில் கண்டும், இந்தத் துறை அவர்களுக்குக் கைவராதது என்று இமாம் மாலிக் அவர்களிடமிருந்து எதையும் ஏற்கவில்லை. நல்லடியார்கள் ஹதீஸில் பொய்யுரைக்கும் அளவுக்கு வேறெதிலும் உரைப்பதில்லை என்று யஹ்யா அல்கத்தான் (இறப்பு 198) சொன்னதை, வேண்டுமென்று அல்ல, நாக்கில் தானாக வந்துவிடுவது என்று முஸ்லிம் விளக்குகிறார். அலீ இப்னுல் மதீனி (இறப்பு 234) தம் சொந்தத் தந்தையையே பலவீனமானவர் என்று அறிவித்தார். இது புறம்பேசுதல் ஆகாதா என்ற கேள்வி அப்போதே எழுந்தது. மார்க்கத்தைக் காக்கும் கடமை என்பதே அவர்களின் பதில்.

இவர்களில் என்னை மிகவும் கவர்பவர் பக்தாதின் யஹ்யா இப்னு மயீன் (இறப்பு 233). ஹம்மாத் இப்னு ஸலமா என்பவரின் ஹதீஸ்களைக் கேட்க அவர் பஸ்ராவில் மூஸா இப்னு இஸ்மாயீலிடம் போனார். வேறு யாரிடமும் கேட்கவில்லையா என்றார் மூஸா. பதினேழு பேரிடம் கேட்டாயிற்று, நீங்கள் பதினெட்டாமவர் என்றார் யஹ்யா. எதற்காம்? ஹம்மாத் தவறு செய்பவர். மாணவர்கள் எல்லாரும் ஒரே தவறைச் சொன்னால் அது ஹம்மாதுடையது. ஒருவர் மட்டும் மாறிச் சொன்னால் அது அந்த மாணவருடையது. ஐந்தருவியில் ஒரே தண்ணீர் பாறையில் பட்டு ஐந்தாகப் பிரிகிறது. ஒரு கிளையில் மட்டும் கலங்கல் என்றால் கோளாறு அந்தக் கிளையில். ஐந்தும் கலங்கினால் மேலே மலையில் போய்ப் பார்க்க வேண்டும். ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு மனிதர் ஊர் ஊராகப் போய்ச் செய்த இந்த வேலையைத்தான் இன்றைய பதிப்பாசிரியர்கள் பாடபேதம் ஒப்பிடுவது என்கிறார்கள்.

அதே யஹ்யா கூஃபாவின் அபூ நுஐமைச் சோதிக்க, அவர் சொன்ன ஹதீஸ்களுக்கு இடையே பத்துக்கு ஒன்றாகப் பிறருடையதைச் செருகிக் கொண்டுபோனார். வேண்டாம், அவர் நம்பகமானவர் என்று உடன் வந்த அஹ்மத் இப்னு ஹன்பல் தடுத்தும் கேட்கவில்லை. கிழவர் செருகலை ஒவ்வொன்றாகப் பிடித்தார். கடைசியில் யஹ்யாவை ஓர் உதை விட்டார். இந்தப் பயணத்தைவிட அந்த உதை எனக்குப் பிரியமானது என்றாராம் யஹ்யா.

காலக் கணக்கும் ஓர் ஆயுதம். காலித் இப்னு மஅதானிடம் கேட்டேன் என்று சொல்லிக்கொண்டு ஒருவர் ஹிம்ஸ் நகருக்கு வந்தார். எந்த ஆண்டில் என்று விசாரித்தார்கள். ஹிஜ்ரி 108 என்றார். காலித் இறந்ததோ 104இல்.

இப்படிக் கிடைத்த தீர்ப்புகள் ஒரு மனிதருக்கு ஒரே முத்திரை குத்துவதில்லை. இஸ்மாயீல் இப்னு அய்யாஷ் தம் சிரியா நாட்டவரிடமிருந்து அறிவித்தால் ஏற்பு, ஹிஜாஸ்காரர்களிடமிருந்து அறிவித்தால் பலவீனம். அதா இப்னுஸ் ஸாயிபுக்கு முதுமையில் நினைவு குழம்பியது; அதற்கு முன் கேட்ட மாணவர்கள் வழியாக வந்தது மட்டும் கொள்ளப்படும். வரலாற்றாசிரியர் இப்னு இஸ்ஹாக்கை மாலிக் ‘தஜ்ஜால்’ (பெரும்பொய்யன்) என்று ஏசினார், ஷுஅபாவோ ஹதீஸ் துறையின் தலைவர் என்று புகழ்ந்தார். பின்னாளில் தஹபீ (இறப்பு 748) விமர்சகர்களையே கடுமையானவர், நடுநிலையாளர், தாராளமானவர் என்று பிரித்தார். பெண் அறிவிப்பாளர்களில் பொய்யர் என்று குற்றம் சாட்டப்பட்டவர் எவரையும் தாம் அறியவில்லை என்று எழுதியவரும் அவரே.

இந்தத் துறைக்கு இந்தியா செய்த தொண்டு நம்மவர்களுக்கே போதிய அளவு தெரியாது. லக்னோவின் அப்துல் ஹை (1848–1886), எந்தக் குறைகூறல் செல்லும், எது பொறாமையிலும் மத்ஹப் (சட்டப்பள்ளி) பகையிலும் பிறந்தது என்று ஆராய ‘அர்ரஃப்உ வத்தக்மீல்’ என்ற தனிநூலே எழுதினார். ஹைதராபாத்தில் 1888இல் தோன்றிய தாயிரத்துல் மஆரிஃப் என்ற பதிப்பகம், புகாரீயின் ‘அத்தாரீகுல் கபீர்’, இப்னு அபீ ஹாத்திமின் ‘அல்ஜர்ஹு வத்தஃதீல்’, இப்னு ஹஜரின் ‘தஹ்தீபுத் தஹ்தீப்’ ஆகியவற்றைச் சுவடியிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தது. யமன் நாட்டு அறிஞர் முஅல்லிமீ அங்கே பல்லாண்டு உட்கார்ந்து செப்பனிட்ட பதிப்புகளை அரபுலகமே எடுத்தாண்டது.

மேற்கத்திய ஆய்வில் கோல்ட்ஸிஹரும் (1890), ஷாக்டும் (1950) அறிவிப்பாளர் தொடர்களே பிற்காலத்தில் புனையப்பட்டவை அல்லது நீட்டப்பட்டவை என்று ஐயப்பட்டார்கள். ஹரால்ட் மோட்ஸ்கி பழைய தொகுப்புகளை ஒப்பிட்டு அந்த ஐயத்தின் வீச்சைக் குறைத்தார். செய்தியின் உள்ளடக்கத்தை முற்கால விமர்சகர்கள் பார்க்கவே இல்லை என்ற பழைய குற்றச்சாட்டுக்கு ஜோனதன் பிரவுன் மறுப்பு எழுதினார்: பார்த்தார்கள், ஆனால் கண்ட கோணலைத் தொடரின் குறையாகவே பதிவு செய்தார்கள் என்பது அவர் வாதம். எனக்கு அது சரியென்றே படுகிறது. ரசிகமணியின் காது அவர்களுக்கும் இருந்திருக்கிறது. காதை மட்டும் சாட்சியாக நிறுத்த அவர்கள் துணியவில்லை.

புகாரீயும் முஸ்லிமும் தமிழில் ரஹ்மத் பதிப்பக வெளியீடாகக் கிடைக்கின்றன. பதிப்பாளர்கள் அறிவிப்பாளர் திறனாய்வு நூல்களிலும் அதே அக்கறை காட்ட வேண்டும். அதுவரை வாசகரிடம் ஒரு வேண்டுகோள்: ஒரு ஹதீஸை யாராவது பலவீனம் என்று தள்ளினாலும், ஸஹீஹ் (ஆதாரபூர்வமானது) என்று உயர்த்தினாலும், தொடரில் எந்த அறிவிப்பாளரால், எந்த விமர்சகர் சொன்னார், ஏன் சொன்னார் என்று கேளுங்கள்.