ஜெனிவாவும் ஜனாஸாவும்

2020 டிசம்பரில் கொழும்பு, பொரளை மயான வேலியில் வெள்ளைத் துணி நாடாக்கள் தொங்கின. பிறந்து இருபதே நாளான முஸ்லிம் குழந்தையொன்றை, கொவிட் என்று சொல்லி, பெற்றோர் சம்மதமில்லாமல் அங்கே எரித்திருந்தார்கள். கபன் துணியை நினைவூட்டிய அந்த நாடாக்கள் இரவோடிரவாக அகற்றப்பட்டன. கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் அப்போது கொவிட்டைவிடப் பெரிய பயமொன்று இருந்தது: ஆஸ்பத்திரியில் மௌத்தானால் மையித்து வீட்டுக்கு வராது.

அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தும், 2020 ஏப்ரல் 11ஆம் திகதி வர்த்தமானி கொவிட்டால் இறந்தோரை எரிப்பதைக் கட்டாயமாக்கியது. எதிரணி முஸ்லிம் எம்பிக்கள் பலர் அக்டோபரில் அரசு கொண்டுவந்த அரசியலமைப்பின் 20ஆம் திருத்தத்துக்கு ஆதரவாக வாக்களித்தார்கள், எரிப்பு நிற்கவில்லை. டிசம்பர் 1இல் உயர் நீதிமன்றம் எரிப்புக்கு எதிரான மனுக்களை விசாரணைக்கு எடுக்கவே மறுத்தது. உள்ளூரில் தட்டுவதற்கு வேறு கதவு மிச்சமில்லை.

பிறகு நடந்ததைத் திகதி வாரியாகப் பார்க்க வேண்டும். 2021 ஜனவரி 25இல் ஐ.நா. நிபுணர்கள் எரிப்பைக் கண்டித்தார்கள். பெப்ரவரி 22இல் ஜெனிவாவில் ஐ.நா. மனித உரிமைப் பேரவையின் 46ஆவது அமர்வு தொடங்கியது. மறுநாள் அப்போதைய பாகிஸ்தான் பிரதமர் இம்ரான் கான் கொழும்பில் இறங்கினார். 25ஆம் திகதி அடக்கத்தை அனுமதிக்கும் வர்த்தமானி வந்தது. மார்ச் 23 வாக்கெடுப்பில் இலங்கை மீதான 46/1 தீர்மானத்துக்கு ஆதரவு 22, எதிர்ப்பு 11, நடுநிலை 14. எதிர்த்து நின்றவற்றில் பாகிஸ்தானும் பங்களாதேஷும் இருந்தன.

பத்து மாதம் விஞ்ஞானம் என்று சொல்லப்பட்டது மூன்றே நாளில் மாறியது எப்படி? அரசுக்கு வாக்கு தேவைப்பட்ட பருவத்தில் ஜெனிவாவின் அழுத்தம் வேலை செய்தது என்றே எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதன் பலம் அது. குறையும் அதற்குள்ளேயே இருக்கிறது: உரிமையாக வரவேண்டியது பேரத்தில் விழுந்த சலுகையாக வந்தது. சலுகை என்பதால் அளந்துதான் கொடுத்தார்கள். அடக்க இடமாக முதலில் இரணைதீவு என்றார்கள்; அங்குள்ள மக்கள் எதிர்த்ததும் ஓட்டமாவடி. கல்முனைக் குடும்பம் தன் ஊர் மையவாடியை விட்டு, மட்டக்களப்பையும் தாண்டிப் போய்த்தான் கபுறைப் பார்க்கலாம். 3,600க்கும் மேற்பட்டோர் அந்த மண்ணில் கிடக்கிறார்கள். அவர்களில் எல்லாரும் முஸ்லிம்கள் அல்லர். அமைச்சரவை மன்னிப்புக் கேட்க 2024 ஜூலை ஆனது.

வாக்கெடுப்பின் சூடு இல்லாத இடங்களில் கதை வேறு. நாடுகளின் மனித உரிமை நிலையை ஐ.நா. பரிசீலிக்கும் 2017 பூகோள காலாந்தர மீளாய்வில் இலங்கைக்குக் கிடைத்த பரிந்துரைகள் 230. அரசு ஏற்றது 177. தாராளமான தலையசைப்புத்தான். அதற்கு இரண்டு ஆண்டு முன்பே, பேரவையின் 30/1 தீர்மானத்துக்கு இணை அனுசரணை வழங்கி, பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்குவதாகவும் வாக்களித்திருந்தது. 2020 பெப்ரவரியில் அந்த அனுசரணையை விலக்கிக்கொண்டது. அதே ஆண்டு மே மாதம் கவிஞர் அஹ்னாப் ஜஸீம் அந்தச் சட்டத்தின் கீழேயே கைதானார். வழக்கிலிருந்து விடுபட 2023 டிசம்பர் வரை பொறுக்க வேண்டியிருந்தது.

அரசை மட்டும் கூண்டில் ஏற்றிவிட்டுப் போவதும் நேர்மையாகாது. முஸ்லிம் சமூகத்துக்குள்ளேயே, ஜனாஸா விடயத்தில் ஜெனிவாவை வாழ்த்திய வாய்கள் பல, 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தைப் பற்றி அதே ஐ.நா. கேட்டால் ‘வெளியார் தலையீடு’ என்கின்றன. 2017இல் பெண்களுக்கெதிரான பாரபட்சத்தை ஒழிக்கும் ஐ.நா. குழு அச்சட்டத்தைத் திருத்தச் சொன்னது. அரசுக்கும் வசதி: சமூகம் உடன்படவில்லை என்று அங்கே சொல்லலாம். கேட்டது வெளியார் மட்டுமா என்றால், இல்லை; முஸ்லிம் பெண்கள் பல்லாண்டுகளாகக் கேட்டு வருவதையே அந்தக் குழுவும் கேட்டது. அச்சட்டத்தின் திருத்தம் பற்றி ஆராய 2009இல் நியமிக்கப்பட்ட சலீம் மர்சூப் குழு அறிக்கை கொடுக்கவே 2018 ஜனவரி ஆயிற்று. அந்த 1951ஆம் ஆண்டுச் சட்டப்படி, பள்ளிவாசலில் பதிவேடு விரியும்போது மாப்பிள்ளை ஒப்பமிடுவார், பெண்ணின் பொறுப்பாளரான வலி ஒப்பமிடுவார், சாட்சிகள் ஒப்பமிடுவார்கள். மணப்பெண்ணின் ஒப்பத்துக்கு அதில் இடமில்லை.