செங்குல்லாய்ச் சிறுமி: நீதிக்கதையா, மாயக்கதையா?

காட்டுவழியே பாட்டியின் வீட்டிற்குச் செல்லும் சிறுமியை ஓநாய் ஏய்த்து விழுங்கும் கதை மேலைநாட்டுக் குழந்தைகள் நன்கறிந்தது. இதனை நீதிக்கதை என்பாரும் தேவதைக்கதை என்பாரும் என இருதிறத்தார் உளர். விலங்கு பேசுகின்றது, அறிவுரையும் பெறப்படுகின்றது. ஆகலின் நீதிக்கதையே என்பர் முன்னையோர். தேவதை ஒருத்தியும் வாராமையையும் அவர் எடுத்துக்காட்டுவர். அத்தடை வலியுடைத்தன்று. 1697-இல் பிரான்சில் தோல்னுவா சீமாட்டி தம் நூற்கு இட்ட தலைப்பை ஒட்டிப் பரவிய அப்பெயர், தேவதை வாராத மாயக்கதைகளையும் தழுவி வழங்குகின்றது.

விலங்கு பேசுதலும் சான்றாகாது. தொல்காப்பியச் செய்யுளியல் பொய்ம்மொழியையும் பொருளொடு புணர்ந்த நகைமொழியையும் வேறு பிரித்துரைக்கும். யானையும் குருவியும் நட்புக்கொண்ட கதையைப் பேராசிரியர் பொய்ம்மொழியின்பாற் படுத்தனர். எனவே, விலங்கு வருதல் அன்று, பொருளொடு புணர்தலே ஈண்டு நோக்கற்பாலது என்க.

இக்கதை பொருளொடு புணர்ந்ததா? 1697-இல் பாரிசில் இதனை அச்சேற்றிய ஷார்ல் பெரோ, சிறுமி விழுங்கப்பட்டதோடு கதையை முடித்து, இளமகளிர் இன்மொழி பேசும் ஆடவர்பால் விழிப்பாயிருத்தல் வேண்டும் என்னும் கருத்தமைந்த செய்யுளொன்றை இறுதியிற் சேர்த்தனர். விலங்குக் கதைகளைச் செய்யுளாக்கிப் புகழ்பெற்ற லா ஃபொன்தேன் மறைந்து ஈராண்டே ஆகியிருந்த காலம் அது. அவ்வழக்கு இவரையும் ஈர்த்ததில் வியப்பில்லை. ஆயின், பெரோவின் கதையில் தாய் யாதோர் எச்சரிக்கையும் கூறினாள் அல்லள். ஓநாயோடு நின்று பேசுதல் இடரென்பதை அச்சிறுமி அறியாள் என்று அவரே எழுதுகின்றார். அறியாதாள் மேல் ஏற்றிய குற்றம் எவ்வாறு நீதியாகும்? செய்யுளை நீக்கினும் கதை குறைவின்றி நிற்கின்றது. நீதிக்கதையில் இவ்வாறு நீக்குதல் இயலாது.

1812-இல் கிரிம் உடன்பிறந்தார் வெளியிட்ட வடிவில் தாய், வழி விலகாதே என்கின்றாள். இதனைக் கொண்டு பணியாமையின் பயனே கதையின் பொருள் என்பாரை யாம் மறுக்கின்றோம். தாய் கூறும் காரணத்தை நோக்குக: விழுந்தாற் புட்டி உடையும் என்பதே அது! ஓநாயைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. இனி வழி விலகேன் என இறுதியிற் சிறுமி எண்ணுவது உண்மையே. எனினும், அவ்வெண்ணம் கதையின் நிகழ்ச்சிகளினின்று விளைந்ததன்று, பிறரால் வைக்கப்பட்டது போலும். வேட்டைக்காரன் வயிற்றைக் கிழிக்க இருவரும் உயிரோடு வெளிவருதலும், கல்லடைத்த வயிற்றோடு ஓநாய் வீழ்ந்து மடிதலும் மாயக்கதைக்கே உரியன. ஆர்னே–தாம்சன் அடைவு இதனை 1 முதல் 299 வரையுள்ள விலங்குக் கதைகளிற் சேர்க்காது, மாயக்கதைகளுள் 333 எனக் குறித்தமை பொருந்துவதே.

இவ்வகைப்பாடு வெறும் பெயராராய்ச்சி அன்று. நீதிக்கதை எனக் கொள்ளின் ஓநாயின் கொடுமை சிறுமியின் பிழையாக மாறிவிடுகின்றது; பாடநூல்களிற் சுருக்கியுரைப்போர் பலர் இவ்வாறே செய்கின்றனர். பிரெஞ்சு நாட்டுப்புறத்தே 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வாய்மொழியாகக் கேட்டு எழுதப்பெற்ற வடிவமொன்றிலோ குல்லாயும் இல்லை, அறிவுரையும் இல்லை, வேட்டைக்காரனும் இல்லன். ஆண்டு வருவது ஓநாயுருக் கொள்ளும் மனிதன். வெளியே சென்றுவர விடை கேட்ட சிறுமி, தன் காலிற் கட்டிய கயிற்றை அவிழ்த்து முற்றத்து மரத்திற் பிணித்துவிட்டுத் தானே ஓடி வீடு சேர்கின்றாள்.