குன்சும் கணவாயில் ஹிமாலயன் 450

குன்சும் கணவாய் ஏறக்குறைய 4,550 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் உள்ளதில் சுமார் 60 சதவீதம்தான். நமக்கு மூச்சு வாங்குவதுபோல எஞ்சினுக்கும் வாங்கும். சென்னைக்குப் பக்கத்தில் தயாராகும் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450-ஐ மணாலியிலிருந்து இந்தக் கணவாய் வழியாக ஸ்பிதிக்கு ஓட்டிப் போனபோது நான் பார்க்க விரும்பியது இதைத்தான்.

452 சிசி எஞ்சின், 40 குதிரைத்திறன். உயரத்தில் குறைவதைக் கழித்தால் குன்சுமில் 24 அளவில் மிஞ்சும். பழைய ஹிமாலயன் 411 கடல்மட்டத்திலேயே தந்தது அவ்வளவுதான்! கணவாய்க்குக் கீழே உள்ள பத்தலைத் தாண்டியதும் வரும் கொண்டை ஊசி வளைவுகளில், பின்னால் இரண்டு பைகள் கட்டியிருந்தும், இந்த வண்டி திணறாமல் ஏறியது. வளைவுக்கு முன்பே ஒரு கியர் குறைத்துவிட வேண்டும், அவ்வளவே.

உண்மையான பரீட்சை அதற்கு முன்னால், கிராம்ஃபூவுக்கும் பத்தலுக்கும் நடுவில். உருண்டைக் கற்கள், மணல், குறுக்கே பாயும் பனியோடைகள். வெயில் ஏற ஏறப் பனி உருகித் தண்ணீர் கூடும் என்பதால் விடியுமுன் கிளம்பிவிட்டேன். 21 அங்குல முன்சக்கரம் கல்லில் முட்டி நிற்காமல் ஏறி இறங்குகிறது. 200 மி.மீ. சஸ்பென்ஷன் இருப்பதால், எழுந்து நின்று ஓட்டினால் அடி இடுப்புக்கு வருவதில்லை. பின்சக்கர ஏபிஎஸ்ஸை அணைக்கும் வசதி கணவாய்க்கு அப்பால் லோசர் பக்கத்துச் சரளைக்கல் இறக்கத்தில் பெரிய துணை.

எடை 196 கிலோ. ஓடை நடுவே சாய்ந்தால் தனியாளாகத் தூக்குவது கடினம். துணைக்கு இன்னொரு வண்டி வரட்டும். மணாலியை அடுத்து வரும் சுரங்கப்பாதையைத் தாண்டினால், ஸ்பிதியின் காசா ஊர் வரை பெட்ரோல் பங்க் இல்லை. 17 லிட்டர் டேங்க். லிட்டருக்கு 25 கி.மீ. என்று குறைத்து வைத்தாலும் 400 கி.மீ. தாண்டும். மணாலியிலிருந்து காசா சுமார் 200 கி.மீ.தான், கேன் கட்ட வேண்டியதில்லை. டிஸ்ப்ளேயில் தெரியும் மேப் போனை நம்பியது. இந்த வழியில் பெரும்பாலும் சிக்னல் கிடையாது. வழியை முன்பே மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

இந்தப் பாதைக்கு இந்த வண்டியைத் தயங்காமல் சொல்வேன். ஆனால் முதல்முறை போகிறவர்கள் மணாலி வழியாக ஏறாதீர்கள். சிம்லா, கின்னவுர் வழியாகப் போனால் உயரம் படிப்படியாகக் கூடும், உடம்பு பழகும். 996-இல் நிறுவப்பட்ட தாபோ மடாலயமும் அந்த வழியில்தான் வருகிறது. அங்கே ஓர் இரவு தங்குங்கள். குன்சுமைத் திரும்பும் வழியாக வைத்துக்கொள்ளுங்கள்.