'கண்டுபிடித்தார்' என்னும் வினைமுற்று

ஆலங்குளத்தில் பக்கத்து வீட்டுத் திண்ணையில் பையன் சத்தம்போட்டுப் படித்துக்கொண்டிருந்தான்: இந்தியாவுக்குக் கடல்வழி கண்டுபிடித்தவர் வாஸ்கோடகாமா. பீடி சுற்றிக்கொண்டிருந்த அவன் அம்மா தலை நிமிராமல் கேட்டார்: "அவன் வாரதுக்கு முன்னால இங்க கப்பலே வரலியாக்கும்?" நமது வரலாற்றுச் சொல்லாடல் தவறவிட்ட கேள்வி இது.

ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றி இந்தியாவுக்கு வந்த தடம் ஐரோப்பியருக்குப் புதிது, அதை மறுக்கவில்லை. ஆனால் கிழக்காப்பிரிக்காவின் மாலிந்தியிலிருந்து இங்கு வரும் கடல்? 1498இல் காமா அதை ஏறத்தாழ 23 நாளில் கடந்து, மே 20இல் கோழிக்கோட்டுக்கு அருகே வந்து சேர்ந்தார். கப்பலை நடத்தியவர் மாலிந்தி மன்னர் அனுப்பிய வழிகாட்டி. அவர் இப்னு மாஜித் என்று நெடுங்காலம் சொல்லப்பட்டதைப் பிற்கால ஆய்வாளர்கள் மறுத்துவிட்டார்கள். ஆக, வழிகாட்டியின் இடம் பிரதியில் காலியாகவே கிடக்கிறது.

திரும்பும்போது காமா பருவம் மாறக் காத்திருக்கவில்லை. அக்டோபர் தொடக்கத்தில் அஞ்சுதீவை விட்டவருக்கு ஆப்பிரிக்கக் கரையைப் பார்க்க ஏறக்குறைய மூன்று மாதம். ஈறு வீங்கும் நோயில் மாலுமிகள் பலர் செத்தார்கள். கடல் அதேதான்; காற்றைப் பற்றிய அறிவுதான் இல்லை.

அந்தத் தென்மேற்குக் காற்று நமக்கு அந்நியமா என்ன? ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியே புகுந்து குற்றாலத்தில் சாரலாகவும் எங்க ஊரில் புழுதியாகவும் அடிப்பது அதுதானே.

'கண்டுபிடித்தார்' என்ற வினைமுற்று ஒருவரை எழுவாயாக்கிப் பலரை அழிக்கிறது. 1502இல் இரண்டாம் பயணத்தில், மெக்காவிலிருந்து திரும்பிய யாத்திரிகர் கப்பலை நூற்றுக்கணக்கானோருடன் எரித்ததும் இதே காமாதான். அந்தச் சொல் இதையும் மறைத்துவிடுகிறது.

இதற்கு எதிராக, நம் முன்னோர் கடலாண்ட பெருமையைப் பாடுவதும் ஏமாற்றுதான். 1530களில் முத்துக்குளித்துறைப் பரதவர் போர்த்துக்கீசியரை நாடி மதம் மாறியது, தம் தொழிலைக் காக்க அவர்கள் எடுத்த அரசியல் முடிவுமாகும். பெருமைப் பாட்டில் அவர்களுக்கும் இடம் கிடையாது. அந்த அம்மா சுற்றும் புகையிலைகூட அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துக்கீசியர் மூலம் வந்த பயிர். அவர் கூலிக்குச் சுருட்டும் இலைக்குள்ளும் இந்த வரலாறு இருக்கிறது.

பையனிடம் வாக்கியத்தை மாற்றிச் சொன்னேன்: இந்தியாவுக்கு வரும் வழியைப் போர்த்துக்கீசியர் பிறரிடமிருந்து தெரிந்துகொண்டார்கள். "மார்க் போட மாட்டாங்க சார்" என்றான். சரியாகத்தான் சொன்னான். அதிகாரம் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது.