பிரேத மனிதனும் பெண்மானும்

ஜேம்ஸ் வேல் இயக்கிய 'ஃபிராங்கன்ஸ்டைன்' திரைப்படம் ஹாலிவுட்டிலிருந்து வெளிவந்தது 1931ஆம் ஆண்டில். அதே ஆண்டில்தான், தாமிரபரணிக் கரையில் வளர்ந்த சொ. விருத்தாசலம் என்னும் இளைஞர் திருநெல்வேலி இந்துக் கல்லூரியில் பி.ஏ. பட்டம் பெற்றார். பின்னாளில் புதுமைப்பித்தன் எனப் புகழ்பெற்ற அவரே, அப்படத்தின் மூலமான மேரி ஷெல்லியின் 1818ஆம் ஆண்டு நாவலைப் 'பிரேத மனிதன்' என்று தமிழாக்கியவர்.

மூலத்தின் தலைப்பு படைத்தவனின் பெயர். தமிழ்த் தலைப்போ படைக்கப்பட்டதைச் சுட்டுகிறது. செவியில் அறையும் தலைப்புத்தான், மறுக்கவில்லை. ஆயினும் பொறுப்பாளியின் பெயர் அதில் மறைந்துபோவது நமக்கு உறுத்துகிறது. திரைப்படம் இதே திசையில் நெடுந்தூரம் சென்றுவிட்டது. அதில் உதவியாளன் நல்ல மூளையிருந்த குடுவையைத் தவறவிட்டு, குற்றவாளியின் மூளையை எடுத்து வருகிறான். போரிஸ் கார்லோஃப் நடித்த உருவுக்குப் பேச்சும் கிடையாது. தீமை மூளையிலேயே இருந்ததென்றால் விஞ்ஞானியை யார் கேட்பது? நாவலிலோ அவ்வுரு பேசுகிறது, நூல்களைப் படிக்கிறது, கண்விழித்த இரவிலேயே தன்னைக் கைவிட்டு ஓடியவனிடம் நியாயம் கேட்கிறது.

முதல் உலகப் போர் முடிந்த சூட்டில், 1920இல் காரெல் சாபெக் எழுதிய 'ஆர்.யூ.ஆர்.' நாடகம் 'ரோபோ' என்ற சொல்லை உலகுக்கு அளித்தது. அதன் வேர்ச்சொல்லுக்குக் கட்டாய உழைப்பு என்று பொருள். அங்கும் வழக்கு படைத்தவர்கள் மீதுதான்.

நம் மேடைகளில் குளோனிங்கையோ செயற்கை நுண்ணறிவையோ கண்டிக்க வருவோர், 'இறைவனின் வேலையில் தலையிட்டவனுக்கு நேர்ந்த கதி' என்று இக்கதையைச் சொல்வதுண்டு. ஷெல்லியைவிடத் திரைப்படத்தையே அவர்கள் நம்புகிறார்கள் என்பது நம் கருத்து. படைத்ததைவிட, படைத்ததன் அமானத்தைப் பேணாததே அங்குக் குற்றம்.

அரபு இலக்கியம் பயின்றோர் இங்கே 12ஆம் நூற்றாண்டு அந்தலூசிய அறிஞர் இப்னு துஃபைலின் 'ஹய் இப்னு யக்ளான்' கதையை நினைக்காதிருக்க முடியாது. ஹய் பிறந்த விதத்துக்கு அதில் தரப்படும் இரு விளக்கங்களுள் ஒன்றின்படி, அவன் தாய் தந்தையின்றிப் புளித்த களிமண்ணிலிருந்து உருவானவன். அவனும் தனித்தே வளர்கிறான், தானே நெருப்பை அறிகிறான். ஷெல்லியின் உருவும் அப்படியே. ஆனால் ஹய்யுக்குப் பாலூட்ட ஒரு பெண்மான் இருந்தது. அது இறந்தபோது, பிரிந்து சென்றது எது என்றறிய அவன் அதன் நெஞ்சைப் பிளந்து பார்த்தான். அதற்கு முன், அம்மான் முதுமையில் தளர்ந்திருந்த நாட்களில், இனிய கனிகளைப் பறித்து வந்து ஊட்டியவனும் அவனே.